எஸ்எஸ்டிக்கு க்ளோன் பண்ணியும் லேப்டாப் மெதுவாவே ஓடுச்சு, ஏன்னு தேடின கதை

அக்காவோட லேப்டாப்பை ஆன் பண்ணா டெஸ்க்டாப் வர்றதுக்கு நாலு நிமிஷம் ஆகும். வந்த பிறகும் உடனே தொட முடியாது, ஹார்ட் டிஸ்க் லைட் அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஒரு ஃபோல்டரை திறக்க க்ளிக் பண்ணிட்டு அது திறக்குமா திறக்காதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ பாக்குறது கணக்கு எழுதுற வேலை, மாசக் கடைசியில ராத்திரி வரைக்கும் அந்த மெஷின் முன்னாடிதான் இருப்பா. "தம்பி, நான் வேலை பாக்குற நேரத்தை விட இது யோசிக்கிற நேரம்தான்டா ஜாஸ்தியா இருக்கு"ன்னு அவ சொன்னப்பதான் சரி இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

உள்ள இருந்தது 1 டிபி ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 5400 சுத்து. அதை எடுத்துட்டு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்ல டேட்டாவை வைக்கற வேகமான டிஸ்க்; சாட்டாங்கறது டிஸ்க்கை போர்டோட இணைக்கற வழி) போட்டா போதும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். விண்டோஸை புதுசா போட்டிருக்கலாம், ஆனா அவ யூஸ் பண்ற கணக்கு சாஃப்ட்வேர் ரொம்ப பழைய வெர்ஷன், இன்ஸ்டாலர் கையில இல்ல, லைசென்ஸும் அந்த மெஷினோட கட்டிப்போட்ட மாதிரி. அதனால இருக்கறதை அப்படியே புது டிஸ்க்குக்கு க்ளோன், அதாவது அச்சு அசலா காப்பி, பண்றதுதான் ஒரே வழி. எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேஸ்ல போட்டு, க்ளோனிங் சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சு ஆரம்பிச்சேன். பாதி தாண்டினதும் ஒரு இடத்துல படிக்க முடியலன்னு நின்னுச்சு, பேட் செக்டரை, அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன துண்டை, விட்டுட்டு மேல போகவான்னு கேட்டுச்சு, நான் சரின்னு டிக் பண்ணிட்டேன். இந்த டிக்கை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்கு ஒரு நாள் முழுக்க செலவாச்சு.

முடிஞ்சதும் மாட்டுனேன். லேப்டாப்போட அடிப்பக்கத்தை முழுசா கழட்டணும்னா பத்து பன்னெண்டு ஸ்க்ரூ, கீபோர்ட் கேபிள்னு பெரிய வேலை, அதனால டிவிடி டிரைவை வெளிய எடுத்துட்டு அந்த இடத்துல கேடியில (டிவிடி டிரைவ் அளவுல இருக்கற, டிஸ்க் வைக்கற ஃப்ரேம்) எஸ்எஸ்டியை வச்சு சொருகிட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் அது இடத்துலயே இருக்கட்டும், டேட்டாவுக்கு ஆகும்னு நெனச்சேன். ஆன் பண்ணேன், விண்டோஸ் வந்துச்சு, ஐக்கான் எல்லாம் அப்படியே இருக்கு. மொத தடவ கொஞ்சம் லேட் ஆகும்னு அக்காகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஃபோன். "டேய், முன்னாடி இருந்ததுக்கும் இப்ப இருக்கறதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலடா."

போய் பாத்தா அவ சொன்னது அப்படியே உண்மை. அதே நாலு நிமிஷம். டாஸ்க் மேனேஜரை திறந்தா டிஸ்க் 100 சதவீதம். இந்த 100ஐ பாத்துதான் நிறைய பேர் பயந்துடுறாங்க, ஆனா அந்த நம்பர் மட்டும் ஒண்ணும் சொல்லாது. பெர்ஃபாமன்ஸ் டேப்ல டிஸ்க்கை க்ளிக் பண்ணா கீழ ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்னு ஒண்ணு இருக்கும், அதைத்தான் பாக்கணும். ஒரு வேலைய டிஸ்க்கிட்ட குடுத்தா அது திருப்பி குடுக்க எத்தனை மில்லிசெகண்ட் எடுக்குதுங்கறது அது. நல்லா இருக்கற ஹார்ட் டிஸ்க்ல 10ல இருந்து 20க்குள்ள இருக்கும், எஸ்எஸ்டில 1, அதுக்கும் கீழ கூட வரும். நான் பாத்தப்ப 600, 900னு காட்டுச்சு, அதுக்கு பக்கத்துல வேகம் 1 எம்பி கூட இல்ல.

இது ஏன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், இது புரிஞ்சாதான் மிச்சது புரியும். 5400 ஆர்பிஎம்னா தட்டு ஒரு சுத்து சுத்த 11 மில்லிசெகண்ட் ஆகும். வேணுங்கற இடம் தலைக்கு அடியில வர்றதுக்கு சராசரியா அரை சுத்து, அஞ்சரை மில்லிசெகண்ட். தலை அந்த ட்ராக்குக்கு நகர்றதுக்கு இன்னொரு பத்து. ஆக, அங்கங்க சிதறி கிடக்கற சின்ன சின்ன ஃபைலை படிக்கணும்னா செகண்டுக்கு அறுபது எழுபது தடவதான் முடியும், ஒவ்வொரு தடவையும் 4 கேபின்னு வச்சா மொத்தமா கால் எம்பி சொச்சம். விண்டோஸ் பூட் ஆகறது, சாஃப்ட்வேர் திறக்கறது எல்லாம் இந்த மாதிரி சிதறின வேலைதான். பெரிய சினிமா ஃபைலை காப்பி பண்றப்ப 100 எம்பி வேகம் வர்ற அதே டிஸ்க் பூட் ஆகறப்ப திணறறது இதனாலதான். எஸ்எஸ்டில தட்டும் இல்ல தலையும் இல்ல, எந்த இடமா இருந்தாலும் ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட்ல எடுத்துடும். அப்ப எஸ்எஸ்டில ஓடற விண்டோஸ் 900 மில்லிசெகண்ட் காட்டுதுன்னா எங்கயோ தப்பு இருக்கு.

தப்பு ரொம்ப பக்கத்துலயே இருந்துச்சு. திஸ் பிசியை திறந்தா சி டிரைவ் 900 ஜிபிக்கு மேல காட்டுது. எஸ்எஸ்டியே 500 ஜிபிதானே, விண்டோஸ் கணக்குல 465! டாஸ்க் மேனேஜர்ல மேல வலது பக்கம் டிஸ்க்கோட மாடல் பேர் வரும், அதுலயும் பழைய ஹார்ட் டிஸ்க் பேர்தான். ரெண்டு நாளா அக்கா ஓட்டிக்கிட்டு இருந்தது பழைய டிஸ்க்கைத்தான், எஸ்எஸ்டி சும்மா உக்காந்திருந்துச்சு. க்ளோன் பண்ணா டிஸ்க்கோட அடையாள எண் வரைக்கும் ஒண்ணாயிடலாம், அப்படி ரெண்டும் ஒண்ணா இருந்தா விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன்ல போட்டுடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் பாத்தேன், எஸ்எஸ்டி மேல ஆஃப்லைன்னு எழுதி இருந்துச்சு. பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற, எந்த டிஸ்க்ல இருந்து ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ற செட்டிங்) பூட் லிஸ்ட்ல விண்டோஸ் பூட் மேனேஜர்னு ஒரே பேர்ல ரெண்டு என்ட்ரி, எது எந்த டிஸ்க்கோடதுன்னு பேரை வச்சு சொல்லவே முடியல.

இதுல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு. அந்த ரெண்டு நாள்ல அவ போட்ட கணக்கு எல்லாம் பழைய டிஸ்க்ல இருக்கு, எஸ்எஸ்டில இல்ல. நல்லவேளை நான் அவசரப்பட்டு பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணல. அந்த சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர் எங்க இருக்குன்னு பாத்து, பென் டிரைவ்ல எடுத்து, அப்புறம்தான் மேல வேலையை பாத்தேன். அதனால க்ளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்கை கழட்டி வெளிய வச்சுட்டு, புதுசை மட்டும் போட்டு ஒரு தடவயாவது பூட் பண்ணி பாருங்க, அது ஒண்ணு பண்ணியிருந்தா எனக்கு இந்த ரெண்டு நாள் மிச்சம். ரெண்டையும் மாட்டி வச்சுட்டு மொத பூட் பண்ணவே பண்ணாதீங்க.

பயாஸ்ல வரிசையை மாத்தி எஸ்எஸ்டில இருந்து பூட் பண்ணேன். ஐம்பது செகண்ட்ல டெஸ்க்டாப். நாலு நிமிஷத்துக்கு இது எவ்வளவோ மேல, அக்கா முகமும் மலர்ந்துச்சு. ஆனா எஸ்எஸ்டிக்கு ஐம்பது செகண்ட் ஜாஸ்தின்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதோட பத்து நிமிஷம் வேலை பாத்தா திடீர்னு எல்லாம் அப்படியே உறைஞ்சு நிக்குது, மவுஸ் மட்டும் நகருது, அரை நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுது.

அந்த நேரத்துல டாஸ்க் மேனேஜரை பாத்தேன். டிஸ்க் 100 சதவீதம், படிக்கற வேகம் 0, எழுதற வேகம் 0. இந்த மூணும் சேந்து வந்தா அதுக்கு அர்த்தம் வேற. ஹார்ட் டிஸ்க்ல 100 வந்தா டிஸ்க் மும்முரமா ஓடுதுன்னு அர்த்தம். இங்க ஒண்ணும் ஓடல, விண்டோஸ் கேட்டுட்டு பதிலுக்காக நிக்குது, டிஸ்க் பதில் சொல்லல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு சூப்பர்ஃபெட்ச்சை ஆஃப் பண்ணு, சர்ச் இன்டெக்ஸிங்கை நிறுத்து, ஆன்டிவைரஸை தூக்குன்னு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்றாங்க. டிஸ்க் பதிலே சொல்லாம நிக்கறப்ப சர்வீஸை நிறுத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

விண்டோஸ் நடக்கறதை எல்லாம் எழுதி வைக்கற இவென்ட் வியூவரை திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். உறைஞ்ச அதே நேரத்துக்கு நேரா மஞ்சள் எச்சரிக்கை, சோர்ஸ் ஸ்டோர்ஏஎச்சிஐ (விண்டோஸோட சாட்டா டிரைவர்), இவென்ட் நம்பர் 129. டிவைஸை ரீசெட் பண்ணோம்னு அர்த்தம், அதாவது விண்டோஸ் காத்திருந்து காத்திருந்து கடைசியில டிஸ்க்கை தட்டி எழுப்புது. அதே லிஸ்ட்ல 153ம் ரெண்டு இருந்துச்சு, ஒரு வேலையை மறுபடி மறுபடி முயற்சி பண்ணினப்ப வர்றது அது. உங்களுக்கு 7 வந்தா டிஸ்க்ல பேட் ப்ளாக் இருக்குன்னு அர்த்தம், அப்ப உடனே பேக்கப் எடுக்கற வேலையை பாருங்க, மிச்சதெல்லாம் அப்புறம்.

129 வர்றதுக்கு காரணம் நாலஞ்சு இருக்கும். டிஸ்க்குக்கு போற பாதையில கோளாறு இருக்கலாம், எஸ்எஸ்டிக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர்ல இருக்கலாம், பவர் சேமிக்கறதுக்காக சாட்டா லிங்க்கை தூங்க வைக்கற செட்டிங் ஒத்துக்காம போகலாம். விண்டோஸ் 10ல எம்எஸ்ஐ மோட்ல (வேலை முடிஞ்சுதுன்னு கண்ட்ரோலர் ப்ராசஸருக்கு செய்தியா அனுப்பற ஒரு முறை) சில சாட்டா கண்ட்ரோலர் ஒழுங்கா பதில் சொல்லாம 100 சதவீதத்துலயே நிக்கும்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வச்சிருக்கு, அதுக்கு ரெஜிஸ்ட்ரில அந்த மோடை ஆஃப் பண்ணணும். எல்லாத்தையும் மாத்தி மாத்தி பாக்கறதுக்கு முன்னாடி பாதையை பாப்போம்னு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டேன். சின்ன சாஃப்ட்வேர், இலவசம், எந்த டிஸ்க் பிரச்சனைன்னாலும் நான் மொதல்ல திறக்கறது இதைத்தான்.

அதுல ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ட்ரான்ஸ்ஃபர் மோட்னு ஒரு இடத்துல சாட்டா 150, அதுக்கு பக்கத்துல சாட்டா 600னு இருந்துச்சு. இடது பக்கம் இருக்கறது இப்ப ஓடற வேகம், வலது பக்கம் டிஸ்க்கால முடிஞ்ச வேகம். டிவிடி டிரைவுக்கு பெரிய வேகம் தேவையில்லங்கறதால நிறைய லேப்டாப்ல அந்த ஸ்லாட்டை சாட்டா ஒண்ணு இல்ல ரெண்டோட வேகத்துலயே விட்டிருப்பாங்க. சாட்டா ஒண்ணுல செகண்டுக்கு 150 எம்பி, ரெண்டுல 300, மூணுல 600. எஸ்எஸ்டியை கால்வாசி வேகத்துல கட்டிப்போட்டிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஆனா உள்ளதை சொல்லணும்னா 150 எம்பிங்கறது பெரிய ஃபைல் காப்பி பண்றப்பதான் உறைக்கும், சின்ன சின்ன ஃபைலை படிக்கறப்ப அவ்வளவா தெரியாது, ஏன்னா அங்க வேலை பண்றது ரெஸ்பான்ஸ் டைம். அதனால உறையறதுக்கு காரணம் இது இல்ல.

காரணம் ரெண்டாவது விஷயத்துல இருந்துச்சு. ஸ்மார்ட்னு டிஸ்க் தன்னோட உடல்நிலையை தானே எழுதி வைக்கற லிஸ்ட்ல சி7னு ஒரு வரி, சிஆர்சி எரர் கவுன்ட். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல போற டேட்டா வழியில கெட்டு, மறுபடி அனுப்ப வேண்டி வந்தது எத்தனை தடவன்னு அது எண்ணி வைக்குது. டிஸ்க்குக்குள்ள கோளாறுன்னா 05, சி5, சி6 இந்த மூணுல தெரியும், சி7 ஏறுச்சுன்னா பெரும்பாலும் கேபிள், கனெக்டர், கேடி இந்த மாதிரி நடுவுல இருக்கறதுதான். அந்த எண்ணை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு அக்காவை வேலை பாக்க சொன்னேன், ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவ உறைஞ்சுது, திரும்ப பாத்தா எண் ஏறியிருக்கு. இந்த கவுன்ட்டர் திரும்ப பூஜ்யத்துக்கு போகாது, அதனால எண் எவ்வளவு இருக்குன்னு பாத்து பயப்படாதீங்க, ஏறுதா நிக்குதான்னு மட்டும் பாருங்க. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்னா சாட்டா கேபிளை மாத்திட்டு, வேற போர்ட்ல சொருகிட்டு பாக்கணும், சின்ன செலவு, பெரிய தலைவலி போயிடும்.

பத்து பன்னெண்டு ஸ்க்ரூக்கு சோம்பல்பட்டது போதும்னு அடிப்பக்கத்தை முழுசா கழட்டி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு அந்த இடத்துல எஸ்எஸ்டியை வச்சேன், கேடியை தூக்கி போட்டுட்டேன். சாட்டா 600 | சாட்டா 600ன்னு வந்துச்சு. டெஸ்க்டாப் 19 செகண்ட். சி7 நின்ன இடத்துலயே நிக்குது, 129 ஒண்ணு கூட வரல, அன்னைக்கு சாயங்காலம் முழுக்க ஒரு தடவ கூட உறையல.

அதோட முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன். மறுநாள் அக்கா, "இப்ப பறக்குது தம்பி, ஆனா போன வருஷ கணக்கை திறந்தா மட்டும் அப்படியே நின்னுடுது, அப்புறம் கீழ தேடுற இடத்துல டைப் பண்ணா ஒண்ணுமே வரல"ன்னா.

இங்கதான் அந்த டிக் ஞாபகம் வந்துச்சு. பழைய டிஸ்க்கை யுஎஸ்பில மாட்டி ஸ்மார்ட் பாத்தேன், சி5ல எண் இருக்கு. சி5னா படிக்க முடியாம திணறி, இனிமே என்ன பண்றதுன்னு டிஸ்க் முடிவு பண்ணாம வச்சிருக்கற செக்டர்கள். நாலு நிமிஷ பூட்டுக்கு பாதி காரணமும் இதுவாத்தான் இருந்திருக்கும், ஏன்னா கெட்ட செக்டரை படிக்கணும்னா டிஸ்க் விடாம திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், அந்த நேரம் பூரா மிச்ச வேலை எல்லாம் வரிசையில நிக்கும். க்ளோன் பண்றப்ப அந்த செக்டர்களை விட்டுட்டு வந்ததால எஸ்எஸ்டில அந்த இடம் காலியா, இல்ல குப்பையா வந்திருக்கு. எஸ்எஸ்டி நல்லா இருக்கு, ஆனா அதுல இருக்கற ஃபைல்ல ஓட்டை. விண்டோஸ் ஃபைலும் அதுல சிக்கியிருக்கு, அக்காவோட கணக்கு ஃபைலும் சிக்கியிருக்கு.

இன்னொண்ணும் கூட வரும், இது நிறைய பேருக்கு தெரியாது. விண்டோஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கற முறையான என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், எந்தெந்த க்ளஸ்டர் (செக்டர்கள் சேந்த தொகுப்பு) கெட்டுப்போச்சுன்னு தனக்குள்ளயே ஒரு லிஸ்ட் வச்சிருக்கும், க்ளோன்ல அந்த லிஸ்ட்டும் சேந்து வந்துடலாம். அப்ப புத்தம்புது டிஸ்க்ல இல்லாத கோளாறை இருக்குன்னு விண்டோஸ் நம்பிக்கிட்டு இருக்கும். இதுக்குன்னே செக் டிஸ்க் கமாண்ட்ல ஸ்லாஷ் பின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பழைய லிஸ்ட்டை அழிச்சுட்டு எல்லா க்ளஸ்டரையும் மறுபடி சோதிக்கும், டிஸ்க்கை இமேஜ் எடுத்து புது டிஸ்க்குக்கு மாத்தின பிறகு இதை ஓட்டுங்கன்னு மைக்ரோசாஃப்ட்டோட விளக்கத்துலயே இருக்கு. எல்லாரும் சொல்ற ஸ்லாஷ் எஃப், ஸ்லாஷ் ஆர் இல்ல, ஸ்லாஷ் பி. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து சி டிரைவுக்கு குடுத்தேன், அடுத்த பூட்ல ஓட்டவான்னு கேட்டுச்சு, ஆமான்னு சொல்லிட்டு ரீஸ்டார்ட் பண்ணி சாப்பிட போயிட்டேன். தயவு செஞ்சு இதை புது டிஸ்க்ல மட்டும் பண்ணுங்க. சாகற நிலைமையில இருக்கற பழைய டிஸ்க்ல இந்த மாதிரி முழு ஸ்கேன் ஓட்டினா இருக்கற கொஞ்ச உயிரும் போயிடலாம், அப்புறம் டேட்டாவை எடுக்க வழியே இருக்காது.

அடுத்து கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலை சரி பண்றது, அதுக்கு விண்டோஸ்லயே ரெண்டு கமாண்ட் இருக்கு. டிஐஎஸ்எம் கமாண்ட்ல ரெஸ்டோர் ஹெல்த்தை மொதல்ல ஓட்டணும், அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன் நவ். நிறைய பேர் எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டிட்டு சரியாகலன்னு விட்டுடுறாங்க. எஸ்எஃப்சி தனக்கு வேணுங்கற நல்ல ஃபைலை விண்டோஸுக்குள்ள இருக்கற ஒரு சேமிப்புல இருந்துதான் எடுக்கும், அந்த சேமிப்பே கெட்டுப்போயிருந்தா அது என்ன பண்ணும்? அதை டிஐஎஸ்எம்தான் நெட்ல இருந்து எடுத்து சரி பண்ணும். ரெண்டும் முடிஞ்சதும் சர்ச் வேலை செஞ்சுது. கணக்கு ஃபைலை மட்டும் எந்த கமாண்டும் காப்பாத்தாது, அது அக்காவோட சொந்த டேட்டா, நல்ல காப்பி வேற எங்கயாவது இருந்தாதான் உண்டு. அவ ஒவ்வொரு வருஷ முடிவுலயும் பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வைக்கற பழக்கம் உள்ளவ, அதுல இருந்து போட்டோம். அந்த பழக்கம் இல்லன்னா நான் அன்னைக்கு அவகிட்ட என்ன பதில் சொல்லியிருப்பேன்னே தெரியல.

மறுபடி இப்படி ஒரு டிஸ்க் வந்தா நான் மொதல்ல ஸ்மார்ட்டை பாப்பேன், சி5ல ஒண்ணு ரெண்டு இருந்தா கூட சாதாரண க்ளோனிங் சாஃப்ட்வேரை தொடவே மாட்டேன். லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, நல்லா படிக்க முடிஞ்ச பகுதியை எல்லாம் மொதல்ல வேகமா எடுத்துடும், திணறற இடத்தை குறிச்சு வச்சுட்டு கடைசியில திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமா முயற்சி பண்ணும், எது வரல எது வந்துச்சுன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதியும் வைக்கும். நடுவுல நிறுத்தினா விட்ட இடத்துல இருந்து தொடரலாம். எந்த இடம் போச்சுன்னு தெரிஞ்சு போறதும் தெரியாம போறதும் ஒண்ணு இல்லையே.

இதுக்கு மேல சின்ன சின்னதா கொஞ்சம் இருந்துச்சு. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் திறந்து பாத்தா டிரைவ் வகை சாலிட் ஸ்டேட்னு காட்டணும், க்ளோன் பண்ணதுக்கு அப்புறம் சில சமயம் ஹார்ட் டிஸ்க்குன்னே காட்டும், அப்படின்னா விண்டோஸ் அதுக்கு ட்ரிம் அனுப்பாம டிஃப்ராக் (சிதறின ஃபைலை ஒண்ணா அடுக்கறது) பண்ண பாக்கும். வின்சாட் ஃபார்மல்னு ஒரு கமாண்ட் ஓட்டினா விண்டோஸ் மறுபடி அளந்து பாத்து திருத்திக்கும். ட்ரிம் பத்தி ஒரு வார்த்தை. எந்த இடம் இப்ப காலின்னு எஸ்எஸ்டிக்கு தானா தெரியாது, விண்டோஸ்தான் சொல்லணும், அதுதான் ட்ரிம், விண்டோஸ் 7ல இருந்து இருக்கு. செக்டர் பை செக்டரா க்ளோன் பண்ணா காலி இடத்தையும் சேத்து எழுதிடும், அப்ப பாதி காலியா இருக்கற டிஸ்க்கை முழுசா நிரம்பினதாவே எஸ்எஸ்டி நெனச்சுக்கும், எழுதற வேகம் படுத்துடும். உள்ள மாட்டின பிறகு ஒரு தடவ ஆப்டிமைஸ் பட்டனை அமுக்குங்க, போதும். டிஸ்க்ல பத்துல ஒரு பங்காவது காலியா விட்டு வைங்க. விலை கம்மியான க்யூஎல்சி (ஒரே செல்லுல நாலு பிட்டை அடைக்கற வகை) எஸ்எஸ்டின்னா பெரிய காப்பி போடறப்ப மொதல்ல வேகமா போய், உள்ள இருக்கற கேஷ் தீந்ததும் ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவா இறங்கிடறதும் உண்டு, அது கோளாறு இல்ல, அதோட அமைப்பே அப்படி. எஸ்எஸ்டி இல்லாம பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு க்ளோன் பண்றவங்க வாங்கறதுக்கு முன்னாடி அது எஸ்எம்ஆரான்னு பாத்துக்கோங்க, ட்ராக் மேல ட்ராக் ஏத்தி எழுதற டிஸ்க் அது, பேக்கப்புக்கு ஓகே, விண்டோஸ் ஓட்டறதுக்கு ஆகாது.

பார்ட்டிஷன் அலைன்மென்ட், அதாவது டிஸ்க்ல பிரிச்ச பகுதி சரியான இடத்துல ஆரம்பிக்குதான்னு பாக்கறது பத்தி பழைய ஆளுங்க சொல்வாங்க, அது உண்மைதான், நானே ஒரு தடவ அப்பாவோட டெஸ்க்டாப்ல பாத்திருக்கேன். எக்ஸ்பி காலத்துல பிரிச்ச பார்ட்டிஷன் மேலயே விண்டோஸ் 7 போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாரு, அதை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் பண்ணேன், எழுதறப்ப மட்டும் இழுத்துச்சு. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63வது செக்டர்ல ஆரம்பிக்கும், 512ஆல பெருக்கினா 32256 பைட். இதை 4096ஆல வகுத்தா மீதி இல்லாம வராது. அப்ப விண்டோஸ் எழுதற ஒவ்வொரு 4 கேபியும் டிஸ்க்குக்குள்ள ரெண்டு பக்கத்துல கால் வச்சு நிக்கும், ஒண்ணு எழுத ரெண்டை தொடணும். விஸ்டாவுல இருந்து 2048வது செக்டர்ல, அதாவது சரியா 1048576 பைட்ல ஆரம்பிக்குது, அந்த பிரச்சனை இல்ல. எம்எஸ் இன்ஃபோ 32 திறந்து காம்பொனென்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் போனா பார்ட்டிஷன் ஆரம்பிக்கற இடம் பைட்ல இருக்கும், கால்குலேட்டர்ல 4096ஆல வகுத்து பாருங்க, புள்ளி வராம இருந்தா சரி. அக்காவோடது சரியா இருந்துச்சு.

அப்பாவோட அதே மெஷின்ல பயாஸ்ல டிஸ்க் மோட் பழைய முறையான ஐடிஇல இருந்துச்சு, புது முறையான ஏஎச்சிஐக்கு மாத்தினா எஸ்எஸ்டி ஒரே நேரத்துல நிறைய வேலையை வாங்கிக்கும். ஆனா சும்மா போய் மாத்திடாதீங்க, விண்டோஸ்ல அந்த டிரைவர் தயாரா இல்லன்னா நீலத்திரை, 7பினு முடியற எரர் வந்து பூட்டே ஆகாது. வந்துட்டாலும் பதறாதீங்க, பயாஸ்ல பழைய மோடுக்கே திருப்பினா திரும்ப பூட் ஆயிடும். விண்டோஸ் 8க்கு அப்புறம் வந்ததுல சேஃப் மோட்ல பூட் ஆகற மாதிரி மொதல்ல செட் பண்ணிட்டு, பயாஸ்ல மாத்தி, சேஃப் மோட்ல ஒரு தடவ உள்ள போயிட்டு வந்தா அதுவே டிரைவரை ஏத்திக்கும், அப்புறம் சேஃப் மோடை எடுத்துடலாம்.

க்ளோனே பண்ணக்கூடாது, புதுசா விண்டோஸ் போடறதுதான் சரின்னு சொல்றவங்க இருக்காங்க. வெறும் பிரௌசரும் படமும் பாக்கற மெஷினா இருந்தா நானும் அதைத்தான் சொல்வேன், ஒரு மணி நேர வேலை. ஆனா ஒருத்தரோட பொழப்பே ஒரு பழைய சாஃப்ட்வேரை நம்பி இருக்கறப்ப, பத்து வருஷமா அவங்க கைக்கு பழகின ஒரு இடத்தை அழிச்சுட்டு புதுசா கட்டுன்னு சொல்றது எனக்கு மனசு ஒப்பல. க்ளோன் பண்ணலாம், பண்ண பிறகு பாக்க வேண்டியதை பாத்தா போதும்.

இப்ப அந்த லேப்டாப் 18, 19 செகண்ட்ல வந்துடுது, ரெஸ்பான்ஸ் டைம் 1க்கு மேல போறது அபூர்வம். இந்த மாசக் கடைசியில அக்கா சீக்கிரமே லேப்டாப்பை மூடிட்டு தூங்க போனான்னு அத்தான் சொன்னாரு. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கவர்ல போட்டு, க்ளோன் எடுத்த தேதியையும் சி5 எண்ணையும் மேல எழுதி அலமாரியில வச்சிருக்கேன், போன வருஷத்தோட மிச்ச ஃபைல் ஒவ்வொண்ணையும் அவ திறந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அதை அழிக்கறதா இல்ல. இதுவரைக்கும் பாதி பாத்திருக்கா.